மேலே வழி இல்லையா, பக்கவாட்டில் போங்கள்

கேள்வி:

ஐயா, எனக்கு 44 வயது. சொந்த ஊர் பாலக்கோடு பக்கம், வேலை ஓசூரில், ஷிப்ட் டியூட்டி. அப்பா இறந்த பிறகு வாரிசுச் சான்றிதழ், பட்டா மாற்றம் என்று அலைந்தபோது வீட்டில் 1930-களில் எழுதிய ஒரு கிரயப் பத்திரம் கிடைத்தது. அதில் என் கொள்ளுத்தாத்தா பேரும், அவருடைய அப்பா பேரும் இருந்தன. அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. வம்ச மரத்தில் இப்போது நானூறு பேர் ஆகிவிட்டார்கள். வாரவிடுப்பு நாள் முழுக்க ஏதாவது ஓர் அலுவலகம். இரவு இரண்டு மணி வரை போனில் வெளிநாட்டு வம்சாவளித் தளங்கள். ஒன்றுக்கு வருடச் சந்தாவும் கட்டியிருக்கிறேன், அது வீட்டுக்குத் தெரியாது. "செத்தவங்களோடவே குடும்பம் நடத்துங்க" என்கிறாள் மனைவி. சித்தப்பா நான் பாகத்தைக் கிளறுவதாக நினைத்துப் பேச்சையே நிறுத்திவிட்டார். பெரியப்பா மகன் நாம் அதியமான் வம்சம், அதையும் மரத்தில் போடு என்கிறார். கொள்ளுத்தாத்தாவின் சித்தப்பா ஒருவர் கப்பல் ஏறிப் போனதாக ஒரு பேச்சு இருக்கிறது, அதையும் பிடிக்க முடியவில்லை. ஐந்து தலைமுறைக்கு மேல் ஒரு பேர்கூட நகரவில்லை. மேலே போக என்ன வழி? இது ஏதாவது வியாதியா?

பதில்:

தம்பி, ஆவணக் கேள்வியையும் வீட்டுப் பிரச்சினையையும் நீங்கள் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். வருவாய்த் துறைப் பதிவறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது பழைய காகிதம் தேடுகிறவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கும் எனக்கு இரண்டும் ஒரே சிக்கலாகத்தான் தெரிகின்றன. நீங்கள் மேலே ஏறப் பார்க்கிறீர்கள். நம் பக்கத்துக் காகிதங்கள் மேலே அதிகம் போகாது, அகலத்தில்தான் விரியும். அந்த அகலத்தில் இருப்பவர்கள் உயிரோடு இருக்கும் சொந்தக்காரர்கள். அவர்களில் இரண்டு பேரை ஏற்கெனவே கோபப்படுத்தி வைத்திருக்கிறீர்கள்.

முதலில் அந்தச் சுவரைப் பார்ப்போம். நீங்கள் பிறந்தது 1980-ஐ ஒட்டி. தலைமுறைக்கு இருபத்தைந்து, முப்பது வருடம் என்று கூட்டிக் கழித்தால், பத்திரத்தில் கிடைத்த எள்ளுத்தாத்தா 1870-ஐ ஒட்டிப் பிறந்திருப்பார். நீங்கள் தேடுவது அவருடைய அப்பாவை. அதாவது தாது வருஷப் பஞ்சத்தின்போது வாலிபனாக இருந்த ஒருவரை. 1876-லிருந்து 78 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா பட்ட அடி சாதாரணமில்லை. அப்போது தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாமே சேலம் ஜில்லாதான். 1871 கணக்கெடுப்பில் ஜில்லாவின் ஜனத்தொகை ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம். 1881-ல் அது 16 லட்சத்துக்கு வந்துவிட்டது. இதில் செத்தவர்கள் உண்டு, ஊரைவிட்டுப் போனவர்களும் உண்டு. பாதிக் குடும்பம் அழிந்து மீதிப் பாதி வேறு ஊரில் போய் ஒட்டிக்கொண்ட காலம் அது. உங்கள் குடும்பத்திலும் அப்படித்தான் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்தப் பக்கத்து ஆட்கள் பலருக்கு நூல் அறுந்துபோவது ஏறக்குறைய அதே தலைமுறையில்தான். கெட்டிக்காரத்தனம் போதாமல் நீங்கள் அங்கே நிற்கவில்லை.

அதற்கும் முன்னால் காகிதமே இல்லையா என்றால், இருக்கிறது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால், அதாவது நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, உழுகிறவன் பேரிலேயே தீர்வை போடும் ரயத்துவாரிக்கு இங்கேதான் அடி போட்டார்கள். மன்றோ தர்மபுரியில் வருடக்கணக்கில் இருந்தவர். இதைப் படித்தவுடன் "அப்போ 1795-ல் எங்க ஆள் பேர் இருக்கணுமே" என்று யாருக்கும் நாக்கு ஊறும். பாராமகால் ஆவணங்கள் என்று பிற்பாடு அச்சில் வந்தவை பெரும்பாலும் நிர்வாகக் கடிதங்களும் தீர்வை, விளைச்சல், குடிகளைப் பற்றிய பொது விவரங்களும்தான். அவற்றில் ஒரு சாதாரணக் குடியானவனின் தகப்பன் பேரைத் தேடுவது வீண் வேலை. ஒரே ஒரு விதிவிலக்கு சொல்கிறேன். உங்கள் குடும்பத்துக்குக் கோயில் பூசை மானியமோ வேறு இனாம் நிலமோ இருந்திருந்தால், 1858-ல் அமைத்த இனாம் கமிஷன் தயாரித்த பதிவேடுகளைப் பார்க்கலாம். மானியம் யாருக்கு முதலில் கொடுக்கப்பட்டது, அப்போது யார் அனுபவிக்கிறார், அவருக்கு என்ன உறவு என்று அதில் எழுதியிருப்பார்கள். அது எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். மானியம் இல்லை என்றால் சென்னைக்கு டிக்கெட் போடாதீர்கள்.

வெளிநாட்டுத் தளங்களில் ஏன் எதுவும் சிக்கவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. அந்தத் தளங்கள் நிற்பது இரண்டு தூண்களில்: தேவாலயப் பதிவேடு, பேர் வாரியான மக்கள்தொகைக் கணக்கு. முதலாவது நம்மூரில் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு மட்டும் உதவும். கோவிலூர், எலத்தகிரி போன்ற பங்குகளைச் சேர்ந்தவர்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு பெரிய சொத்து, அவர்கள் நேராகப் பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்கலாம். இரண்டாவது நமக்குக் கிடையாது. இங்கே 1871-லிருந்து பத்து வருடத்துக்கு ஒருமுறை தலை எண்ணினார்கள், ஆனால் வீடு வாரியாகப் பேர் எழுதிய தாள்களை யாரும் பார்க்க விடுவதில்லை. 1948-ஆம் வருடத்துச் சட்டமும் தனி நபர் விவரம் ரகசியம் என்கிறது. ஆக, நீங்கள் சந்தா கட்டிய தளத்தில் உங்கள் கொள்ளுத்தாத்தா வருவதற்கே வழியில்லை. அங்கே "புதிய குறிப்பு கிடைத்துள்ளது" என்று மினுக்குவதெல்லாம் யாரோ ஒரு முனுசாமியை உங்கள் முனுசாமியோடு கோத்துப் பார்க்கும் வேலை. நம் பக்கம் பாதி வீட்டில் ஒரு மாது, ஒரு தீர்த்தகிரி, ஒரு முனுசாமி இருப்பார். தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கமும் சேர்ந்துகொண்டால் ஒரே கிராமத்தில் ஒரே பேரில் ஆறு பேர் வந்து நிற்பார்கள். சந்தாவை அடுத்த முறை புதுப்பிக்காதீர்கள். அதற்கு முன்னால் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். தொகையைவிட மறைத்ததுதான் பின்னால் பெரிதாகும்.

இனி, விட முடியாமல் இருப்பது பற்றி. நம் ஜில்லாவில் போர்வெல் போட்ட விவசாயியைக் கேளுங்கள். எண்ணூறு அடியில் புகை மட்டும் வருகிறது, "இன்னும் ஐம்பதடி பார்க்கலாமா" என்று வண்டிக்காரர் கேட்கிறார், தலை தானாக ஆடுகிறது. எப்போதோ ஒருமுறை, எதிர்பாராத நேரத்தில் பலன் கிடைக்கிற வேலையைத்தான் மனசு விடவே மாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும். தினமும் தவறாமல் கிடைத்தால் அலுத்துப்போகும். கிடைக்கவே கிடைக்காது என்றால் விட்டுவிடும். பத்துப் பதிவேடு புரட்டிப் பதினோராவதில் ஒரு பேர் வந்தது பாருங்கள், அதுதான் உங்களை இரவு இரண்டு மணி வரை உட்கார வைக்கிறது. லாட்டரியும் ரம்மியும் இதே கணக்கில்தான் ஓடுகின்றன.

வியாதியா என்று கேட்டால், அதை முடிவு செய்ய நான் டாக்டர் இல்லை. ஆனால் ஷிப்டில் மிஷின் முன்னால் நிற்கிறவர் இரவு இரண்டு மணி வரை கண்விழிப்பது ஆபத்து, அது எனக்கும் தெரியும். வீட்டுக்குத் தெரியாமல் பணம் போவதும் நல்ல அறிகுறி இல்லை. ஒரு மாதம் போனை இரவு பத்துக்கு மேல் தொடுவதில்லை என்று வைத்துப் பாருங்கள். முடியவில்லை, எரிச்சல் வருகிறது, வேலையில் தப்பு நடக்கிறது என்றால் கூச்சப்படாமல் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் காட்டுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். இன்னொன்றும் என் மனசில் படுகிறது, சொல்லிவிடுகிறேன். என்னிடம் வம்சாவளி தேடி வருகிற ஆண்களில் பலர் அப்பாவைப் பறிகொடுத்த சூட்டோடு வருகிறவர்கள். அவர் இருக்கும்போது கேட்காததை எல்லாம் பதிவேட்டிடம் கேட்கிறார்கள். நீங்களும் அப்படி இருக்கலாம். அது தப்பில்லை, ஆனால் பதிவேடு பதில் சொல்லாதபோது வருகிற ஆத்திரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

சரி, பக்கவாட்டுக்கு வருவோம். இதில்தான் விஷயம் நிறைய இருக்கிறது.

கையில் இருக்கும் அந்தக் கிரயப் பத்திரத்தை மறுபடி எடுங்கள். எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பேரை மட்டும் குறித்துக்கொண்டு மூடி வைத்திருப்பீர்கள், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். செக்குபந்தியைப் படியுங்கள். கிழக்கே இன்னார் நிலம், வடக்கே இன்னார் நிலம் என்று நான்கு பக்கமும் பேர் இருக்கும். ஒரு தகப்பன் நிலத்தை அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டால் எல்லைக்காரர்களே பங்காளிகள்தான். பிறகு சாட்சிக் கையெழுத்து. அந்தக் காலத்தில் மச்சானையோ மாமனையோதான் சாட்சிக்குக் கூட்டிப்போவார்கள். ஒரே பத்திரத்தில் ஆறேழு பேர் இப்படிக் கிடைப்பார்கள். அவர்களில் சிலருக்குத் தகப்பன் பேரும் எழுதியிருக்கும். உங்கள் எள்ளுத்தாத்தாவுக்கு அண்ணன் தம்பி இருந்து, அவர்களில் ஒருவரின் பத்திரத்தில் தகப்பன் பேர் இருந்தால், நீங்கள் தேடும் ஆறாவது தலைமுறை அங்கே உட்கார்ந்திருக்கும். நேராக மேலே ஏறிக் கிடைக்காத பேர் பக்கத்து வீட்டு வழியாக வந்து சேர்வது இப்படித்தான்.

இதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு வசதி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 1908-ஆம் வருடத்துப் பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்துப் பத்திரங்கள் முதலாம் புத்தகத்தில் ஏறும். அதற்கு இரண்டு அட்டவணை: ஒன்று பேர் வாரியாக, இன்னொன்று சொத்து வாரியாக. கட்டணம் கட்டினால் யாரும் அவற்றைத் தேடிப் பார்க்கவும் நகல் வாங்கவும் உரிமை உண்டு. எல்லாரும் சர்வே நம்பரை வைத்து வில்லங்கம் போடுவார்கள். ஆன்லைனில் பெரும்பாலும் 1975-க்குப் பிறகுதான் வரும். அதற்கு முந்தையதற்கு மனு எழுதிக் கொடுத்துப் பேர் அட்டவணையைப் பார்க்கக் கேளுங்கள். உயில்கள் தனிப் புத்தகம். எழுதியவர் காலமான பிறகு அதற்கும் யார் வேண்டுமானாலும் நகல் கேட்கலாம். பழைய உயிலில் மகள்கள் பேர் வரிசையாக வரும், இது முக்கியம், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வருவாய்த் துறைக் காகிதத்தில் செட்டில்மெண்ட் பதிவேடு, சர்வே நம்பர் வாரியாக நில விவரம் எழுதிய அ-பதிவேடு இரண்டையும் பார்த்திருப்பீர்கள். எண்பதுகளில் நிலப் பதிவுகளைப் புதுப்பித்து எழுதிய யு.டி.ஆர். பதிவுகளில் பேர்ப் பிழை சகஜம், அதை மட்டும் நம்பி மரத்தில் ஏற்றாதீர்கள். 1980-ல் பரம்பரை மணியக்காரர், கணக்குப்பிள்ளை பதவிகளை ஒழித்தபோது சில ஊர்களில் பழைய நோட்டுகள் அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டன. உங்கள் ஊர்க் கணக்குப்பிள்ளை வீட்டு வாரிசு யார் என்று விசாரியுங்கள், பரணில் ஏதாவது இருக்கும். பிறப்பு இறப்புப் பதிவேடும் உதவும், ஆனால் குழந்தைக்குப் பேர் வைப்பதற்கு முன்பே பதிந்ததால் "ஆண் குழந்தை, தகப்பன் இன்னார்" என்றுதான் இருக்கும். பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த தேதியை நம்ப வேண்டாம். வாத்தியார் போட்ட தேதி அது. அந்தத் தலைமுறையில் பாதிப் பேர் மே, ஜூனில்தான் பிறந்திருக்கிறார்கள்!

அரசாங்கம் எழுதாத பதிவேடுகள்தான் நம்மிடம் உசத்தி. குலதெய்வக் கோயில் பொங்கலுக்கு வசூலித்த தலைக்கட்டு வரி நோட்டு யாரிடம் இருக்கிறது என்று பங்காளிகளில் மூத்தவரைக் கேளுங்கள். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. எந்த வருடம் புதிதாக ஒரு பேர் ஏறுகிறதோ அதற்குச் சற்று முன்னால் அவருக்குக் கல்யாணம். எந்த வருடம் நிற்கிறதோ, செத்திருப்பார் அல்லது கோபித்துக்கொண்டு போயிருப்பார். அதைவிட எனக்குப் பிடித்தது மொய் நோட்டு. அதில் பொண்ணு எடுத்த வீடு, கொடுத்த வீடு, ஊர், தொகை எல்லாம் வந்துவிடும். பழைய பத்திரிகைகளை டிரங்குப் பெட்டியில் சேர்த்து வைக்கிற பெரியம்மா ஒருவராவது எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். கல்யாணப் பத்திரிகையும் சரி, காரியப் பத்திரிகையும் சரி, மகன், மருமகள், மகள், மருமகன், பேரன் என்று அச்சடித்த வம்ச மரம். 2025 கடைசியில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடந்தபோது 2002, 2005 பட்டியலில் அப்பா அம்மா பேரைத் தேடி எல்லாரும் அலைந்தார்கள் இல்லையா, அந்தப் பட்டியலும் பக்கத்துத் தலைமுறைக்கு நல்ல ஆதாரம்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற குடும்பங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. கர்நாடகத்தில் ஹெளவர் என்றும் தெலுங்கில் பிச்சுகுண்ட்லவர் என்றும் சொல்லப்படுகிறவர்கள் குடும்பம் குடும்பமாக வம்சாவளி பாடுவதையே தொழிலாக வைத்திருந்தவர்கள். உங்கள் வீடு அந்த வகையா என்று எழுதவில்லை. ஆனால் பாட்டி யாராவது "மாட்டு மேல வருவாங்க, பேரெல்லாம் சொல்லி நெல்லு வாங்கிட்டுப் போவாங்க" என்று சொன்னால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது பெண்கள். உங்கள் நானூறு பேரில் எத்தனை பேர் பெண்கள்? எண்ணிப் பாருங்கள். பட்டாவும் அ-பதிவேடும் ஆண் பேரிலேயே ஓடும், அதை மட்டும் பார்த்து வரைகிற மரம் அப்பன், மகன், பேரன் என்று ஒற்றைப் பனையாக நிற்கும். நம் பக்கத்து உறவு முறைக்கு அது ஒத்தே வராது. அக்கா மகளைக் கட்டுவதும் மாமன் மகளைக் கட்டுவதும் சென்ற தலைமுறை வரை சகஜம். ஒருவர் தன் சொந்த அக்கா மகளைக் கட்டியிருந்தால், பிள்ளைகளுக்கு அப்பா வழித் தாத்தா பாட்டியே அம்மாவுக்கும் தாத்தா பாட்டி. வெளிநாட்டு மென்பொருள் இதைத் தப்பு என்று சிவப்பில் காட்டும், அல்லது ஒரே ஆளை இரண்டு இடத்தில் போட்டு எண்ணிக்கையை ஏற்றிவிடும். உங்கள் நானூறில் கொஞ்சம் இப்படி ஏறியிருக்க வாய்ப்புண்டு. எச்சில் எடுத்து அனுப்பும் டி.என்.ஏ. பரிசோதனை பற்றி நீங்கள் கேட்கவில்லை, அடுத்து அதில்தான் இறங்குவீர்கள் என்பதால் இப்போதே சொல்கிறேன். உறவுக்குள்ளேயே பல தலைமுறை கொடுத்து எடுத்த சமூகத்தில் தூரத்து உறவுகூட அந்தக் கணக்கில் நெருங்கிய உறவாகத் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க நம் கிராமத்து ஆட்களும் அதில் அதிகம் இருக்க மாட்டார்கள். அந்தத் தொழிலில் பேர் பெற்ற 23அண்ட்மீ கம்பெனியில் 2023-ல் ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரம் களவுபோனது. 2025 மார்ச்சில் அது திவால் மனுவும் கொடுத்தது. வேண்டாம்.

எனவே நான் சொல்லும் முதல் வேலை, உங்கள் மனைவி பக்கத்து மரம். கடிதத்தில் அவர் வீட்டு ஆட்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த வாரவிடுப்பில் அலுவலகத்துக்குப் போகாமல் மாமியார் வீட்டுக்குப் போங்கள், மனைவியோடு. அவருடைய பாட்டியின் பிறந்த ஊர் எது, அங்கே இப்போது யார் இருக்கிறார்கள் என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள். உங்களைவிட அவருக்கு நன்றாகப் பதில் கிடைக்கும். தேடிக்கொண்டே போனால் உங்கள் இரண்டு குடும்பமும் மூன்று தலைமுறைக்கு முன்னால் எங்காவது சந்தித்துக்கொள்ளவும் கூடும்.

வயசானவர்களிடம் "உங்க பாட்டி பேர் என்ன" என்று படிவம் நிரப்புவது போலக் கேட்காதீர்கள், "ஞாபகமில்லப்பா" என்று முடிந்துவிடும். உங்க கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் யார் கொண்டுவந்தது, பந்தலில் யார் சண்டை போட்டது என்று கேளுங்கள். வருடம் தெரியாது, சம்பவம் தெரியும். மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓசூருக்குச் சின்ன ரயில் ஓடி, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நின்றுபோனது. "எங்கம்மா கல்யாணமாகி ரயில்ல வந்தாங்களாம்" என்றால் அது 1941-க்கு முன்னால். மேட்டூர் அணை 1934. கே.ஆர்.பி. டேம் ஐம்பதுகளின் கடைசி. தர்மபுரி தனி ஜில்லா ஆனது 1965. இவற்றை ஆணியாக அடித்துக்கொண்டு வயசைக் கணக்குப் போடுங்கள். போனில் ஒலிப்பதிவு செய்வதானால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பதிவேடு இன்னும் இருபது வருடம் அங்கேயே இருக்கும், எண்பத்தைந்து வயசு அத்தை இருப்பாரா என்று சொல்ல முடியாது.

கேட்கக் கூடாத இடமும் உண்டு. பிள்ளைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்த பாட்டி, நடுவில் "ஒண்ணு பொட்டப்புள்ள, பொறந்து செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவினால், அங்கேயே விட்டுவிடுங்கள். நம் ஜில்லா எந்த ஜில்லா என்று உங்களுக்குத் தெரியும். 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏன் தொடங்க வேண்டிவந்தது, அது பிறகு ஏன் தர்மபுரிக்கும் வந்தது என்றும் தெரியும். அந்தக் குழந்தைக்கு மரத்தில் ஓர் இடம் போடுங்கள். காரணம் எழுத வேண்டாம். சாதி மாறிக் கட்டியதால் பேரையே எடுத்துவிட்ட அத்தைகள், இரண்டாம் தாரங்கள், எடுத்து வளர்த்த பிள்ளைகள், இவர்களையும் விடாதீர்கள். ஆனால் உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை எந்தத் தளத்திலும் ஏற்றாதீர்கள். பிறந்த தேதியும் தாயின் பேரும் சேர்ந்தால் மோசடிக்காரனுக்கு அதுவே போதும்.

சித்தப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தாத்தாவுக்கு எத்தனை பிள்ளைகள், அத்தைகள் எத்தனை பேர் என்று ஒருவன் வீடு வீடாகக் கேட்டால் ஊர் என்ன நினைக்கும்? தமிழ்நாட்டில் 1989-லேயே பெண் பிள்ளைகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம பங்கு என்று சட்டத் திருத்தம் வந்தது, 2005-ல் மத்தியச் சட்டமும் வந்தது. அதற்குப் பிறகு அத்தைகள் பேரைக் கேட்டாலே பாகப்பிரிவினை என்றுதான் காதில் விழும். நேரில் போங்கள், பத்திர நகல், சர்வே நம்பர் எதையும் எடுத்துப் போகாதீர்கள். பழங்கதை கேட்க வந்தேன் என்று, சித்தி இருக்கும்போதே சொல்லுங்கள். அவருடைய கல்யாணப் பத்திரிகை இருக்கிறதா என்று கேட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள். ஒரு எச்சரிக்கை: நல்லெண்ணத்தைக் காட்டுகிறேன் என்று பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் அது இது என்று எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், அக்கா தங்கைகளையும் போடச் சொல்லாதீர்கள். சொத்தில் உண்மையிலேயே கேள்வி இருந்தால் அதை வக்கீலிடம் தனியாகப் பேசுங்கள், வம்ச மரத்தோடு கலக்காதீர்கள்.

அதியமானைப் பொறுத்தவரை, உங்கள் அண்ணனோடு சண்டைக்குப் போக வேண்டாம், மரத்திலும் ஏற்ற வேண்டாம். அதியமான் நெடுமான் அஞ்சியின் பேர் ஜம்பைக் கல்வெட்டில் இருக்கிறது, தகடூர் நம் தர்மபுரிதான், எல்லாம் உண்மை. தர்மபுரி அரசு அருங்காட்சியகத்தில் போய் நடுகற்களைப் பாருங்கள், மாடு மீட்டுச் செத்த வீரனின் பேரும் ஊரும் கல்லிலேயே வெட்டியிருக்கும். அவர்களில் ஒருவர் உங்கள் முன்னோராக இருக்கக்கூடாது என்று இல்லை. ஆனால் அந்தக் கல்லுக்கும் உங்கள் எள்ளுத்தாத்தாவுக்கும் நடுவில் ஆயிரம் வருடத்துக்கு மேல் ஒரு பேர்கூடக் கிடையாது. அண்ணன் கேட்டால் சொல்வழக்கு என்று ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதிவிடுங்கள், அவருக்கும் திருப்தி. பொதுவாகவே மரத்தில் பத்திரம் பார்த்து ஏற்றிய பேரை ஒரு மையிலும், இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னதை வேறு மையிலும், ஒருவர் மட்டும் சொன்னதைப் பென்சிலிலும் எழுதுங்கள்.

கப்பல் ஏறிய சித்தப்பா கதை எனக்குப் பிடித்திருந்தது. அதில் ஒரு சந்தேகம். நம் பக்கத்திலிருந்து வேலைக்குக் கிளம்பிப் போனவர்கள் பலர் கோலார் தங்கவயலுக்குப் போனவர்கள். 1880-களில் அங்கே சுரங்க வேலை சூடு பிடித்தபோது ஆள் போனது தமிழ்ப் பக்கத்திலிருந்துதான், 2001-ல் மூடும்வரை அங்கே ஒலித்தது பெரும்பாலும் தமிழ். போனவர் திரும்பாவிட்டால் நாற்பது வருடம் கழித்து ஊர் வாயில் அது "கப்பல் ஏறினார்" என்று ஆகிவிடுவது உண்டு. முதலில் கே.ஜி.எஃப். சொந்தம் யாருக்காவது இருக்கிறதா என்று தலைக்கட்டு நோட்டு வைத்திருப்பவரைக் கேளுங்கள். இல்லை, நிஜமாகவே கடல் தாண்டினார் என்றால், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போன ஏறக்குறைய 1,52,000 பேரின் கப்பல் பட்டியல் இருக்கிறது. அதில் பேர், தகப்பன் பேர், வயசு, சாதி, கிராமம், தாலுகா, ஜில்லா வரை எழுதியிருக்கும். மோரீஸில் மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில் குடியேறியவர்களின் ஆவணங்கள் உள்ளன. பலருக்குப் புகைப்படமே உண்டு. இரண்டிலும் "தர்மபுரி ஜில்லா" என்று தேடினால் எதுவும் வராது, "சேலம்" என்று தேடுங்கள். பேரை வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பான், அதனால் கிராமத்தைப் பிடித்துக்கொண்டு போங்கள். உங்கள் எள்ளுத்தாத்தாவின் தம்பி என்றால் தகப்பன் பேர் அங்கே இருக்கும். நீங்கள் முட்டிக்கொண்டு நிற்கும் அதே பேர்.

மாதத்தில் ஒரு வாரவிடுப்பை மட்டும் இதற்கு வையுங்கள், எந்த நாள் என்று மனைவியைச் சொல்லச் சொல்லுங்கள். பேர் அட்டவணை பார்க்கச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும்போது மட்டும் முகூர்த்த நாளா என்று காலண்டரில் பார்த்துவிடுங்கள். அன்றைக்கு டோக்கன் கூட்டத்தில் உங்கள் கொள்ளுத்தாத்தாவைத் தேட அங்கே யாருக்கும் நேரம் இருக்காது.